வட்டும் தேக்கமும்: கணினிக் கலைச்சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

1936ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்ற அவர், மொழியையும் பொருளையும் ஒருங்கே அறிந்தவர். சொல்லாக்கத்துக்கு இவ்விரு புலமையும் வேண்டும். ஒன்று குறையினும் சொல் நொண்டும். இன்று தமிழிற் கணினி கற்கும் மாணவன் எதிர்கொள்ளும் சொற்களை இந்த அளவுகோலால் நிறுத்துப் பார்ப்பது பொருந்தும்.

நல்ல பெயர் எத்தகையது என்பதற்கு மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளே உதாரணமாகும். ஞாயிறு எழும் கரை எழுவான்கரை. படும் கரை படுவான்கரை. திசையறியாத சிறுவனுக்கும் பெயரே வழிகாட்டும். படுவான்கரையின் உட்கிராமமொன்றில், கணினியைத் திறந்து உள்ளே காட்ட ஒருவரும் இல்லாதவிடத்து, மாணவனுக்குப் பாடநூலின் சொல்லே இயந்திரமுமாகின்றது. ஆகவே சொல் பிழைத்தால் அவன் கண்ட இயந்திரமும் பிழைத்துவிடும்.

'வன்பொருள்', 'மென்பொருள்' என்ற இணையை முதலில் நோக்கலாம். இவை ஆங்கிலச் சொற்களின் நேர் மொழிபெயர்ப்புக்களே. ஆங்கிலத்தில் முன்னது ஆணி, பூட்டு, கீல் முதலிய இரும்புச் சாமான்களைக் குறித்த கடைத்தெருச் சொல். அவ்வரலாறு தமிழுக்கு வரவில்லை, வரவேண்டியதுமில்லை. வல்லினம், மெல்லினம் என்றும் வன்பால், மென்பால் என்றும் பழகிய மொழியில் இவ்விணை இயல்பாகவே வேரூன்றிற்று. இது மொழிபெயர்ப்பாளரின் திறமையினும் அவர்தம் நற்பேறு எனலே தகும்.

அந்நற்பேறு 'வன்வட்டு' என்ற சொல்லில் வாய்க்கவில்லை. காந்தப் பூச்சுப் பூசிய, விறைப்பான உலோகத் தட்டுக்களை ஓர் அச்சிற் கோத்துச் சுழற்றுவது இக்கருவி. ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதற் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் இருந்தன. அவையனைத்தும் கொண்டவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களே. அதனை அன்று எவரும் 'வன்' என்ற அடையாற் சிறப்பித்து அழைக்கவேண்டியிருக்கவில்லை. 1971இல் வளையக்கூடிய மெல்லிய வட்டு விற்பனைக்கு வந்தபின்னரே, அதனின்று வேறுபடுத்த ஆங்கிலத்தில் அவ்வடை வேண்டப்பட்டது. தமிழில் ஒன்று 'வன்வட்டு' ஆகவும் மற்றையது 'நெகிழ்வட்டு' ஆகவும் ஆயின. வன்பொருளைக் கற்ற மாணவன் வன்வட்டை அதன் இனமென்றும், நெகிழ்வட்டை மென்பொருளென்றும் கொண்டால் அவன்மீது குற்றமில்லை. உண்மையில் இரண்டு வட்டுக்களும் வன்பொருள்களே. ஒரே 'வன்' ஓரிடத்திற் கையாற் தொடத்தக்க உறுப்பையும், மற்றோரிடத்தில் வளையாமையையும் குறிக்க நேர்ந்ததே குழப்பத்தின் மூலம். இன்று நெகிழ்வட்டு வழக்கொழிந்தது. எதிர்ச்சொல் போனபின்னும் அடைமொழி மட்டும் நின்று எதையோ மறுத்துக்கொண்டிருக்கின்றது.

'வன்தட்டு' என எழுதுவோரும் உளர். வன்றொண்டர் என்பதுபோல இது 'வன்றட்டு' எனப் புணரும். அப்போது தட்டு மறைந்துவிடும். வட்டு என்பதோ பழஞ்சொல். திருக்குறளிற் கல்லாமையைக் கூறுமிடத்து வட்டாட்டம் உவமையாக வருகின்றது. உள்ளே சுழலும் ஒவ்வொன்றையும் தட்டு என்றும், கருவி முழுவதையும் வட்டு என்றும் பிரித்தாளின் இரு சொற்களுக்கும் வேலை கிடைக்கும்.

எனினும் வடிவத்தைப் பற்றி எழுந்த சொல்லுக்கு வடிவம் மாறும்போது ஆபத்து நேரும். இக்காலக் கணினிகள் பலவற்றிற் சுழலும் வட்டே இல்லை; தகவல் குறைகடத்திச் சில்லுகளில் மின்னேற்றமாகத் தங்குகின்றது. அதனையும் 'திண்மநிலை வட்டு' என்று எழுதுவோர், இல்லாத வட்டொன்றை மாணவன் மனதிற் சுழல விடுகின்றனர். தொழிலைப் பற்றி எழுந்த 'தேக்கம்' என்ற சொல்லுக்கு இந்த இடர் இல்லை. வட்டாயினும் சில்லாயினும் தேக்குவது தேக்கமே. உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் நாட்டில் அச்சொல்லுக்கு விளக்கம் எழுதவேண்டியதில்லை.

இதனிலும் பாரதூரமானது 'நினைவகம்' என்ற சொல்லின் மிகைப் பயன்பாடு. முதன்மை நினைவகம், துணை நினைவகம் என்று வகுத்துக் கற்பிக்கும்போது, இரண்டும் ஒரே பொருளின் பெரிதும் சிறிதும் போலத் தோன்றுகின்றன. வேறுபாடு அளவிலன்று, தன்மையிலாகும். முன்னது வேலை நடக்கும் இடம். மின் நின்றால் அதிலுள்ளது அழியும். பின்னது மின் நின்றபின்னும் காத்துவைப்பது. களவெட்டியிற் குவிந்து கிடக்கும் பொலியும், களஞ்சியத்திற் சேர்ந்த நெல்லும் ஒன்றென எந்த விவசாயியும் சொல்லமாட்டான். மழை வந்தால் எது போகும், எது நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். எழுதியதைத் தேக்கத்துக்கு அனுப்பாமற் கணினியை நிறுத்திவிட்டு, அது எங்கே போயிற்று என்று தேடும் மாணவனை, 'துணை' என்ற அந்த அடைமொழியே ஏமாற்றியது.

வட்டின் உட்பிரிவுகளுக்கு இட்ட பெயர்களில் 'தடம்' குறைகூற இடமற்றது. தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல, வாசிக்கும் தலை அதனைத் தொடாது மிதந்து ஒரே வட்டப் பாதையிற் செல்கின்றது. காட்டு வழியில் வண்டித் தடத்தைக் கண்டவனுக்கு அது உடனே விளங்கும். ஆனால் அத்தடத்தைத் துண்டாடும் கூற்றினைக் கலைச்சொற் பட்டியல்கள் சில வெறுமனே 'பிரிவு' என்கின்றன. பாடசாலையிலும் பிரிவு, கந்தோரிலும் பிரிவு. வட்டிலும் பிரிவு என்றால் மாணவன் எதனைக் காண்பான்? இலங்கை மாணவன் கேத்திரகணித பாடத்தில் 'ஆரைச்சிறை' என்ற சொல்லை ஏற்கெனவே கற்றிருக்கிறான். இரு ஆரைகளுக்கிடையே விரிந்த சிறகு அது. நெடுங்காலம் 512 பைற்று கொண்டதாயிருந்த அந்த வில்துண்டு, தடமும் ஆரைச்சிறையும் சந்திக்குமிடத்திற் பிறப்பது. கணித வகுப்பில் வரைந்த அதே படத்தைக் கணினி வகுப்பிலும் வரையலாம். புதுச்சொல் ஒன்றும் ஆக்கவேண்டியதில்லை.