முதல் எதிரி

ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறினால் முதலில் சேத்தூர். அப்புறம் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர். இந்த ரூட்டில் யாரைக் கேட்டாலும் பூலித்தேவனைத் தெரியும். வாஞ்சிநாதனைத் தெரியும், அவர் பெயரில் ரயில்வே ஸ்டேஷனே இருக்கிறது. 'நீலகண்ட பிரம்மச்சாரி' என்று கேட்டுப் பாருங்கள். 'எந்த ஊருச் சாமியாரு?' என்பார்கள். ஒரு வகையில் அதுவும் சரியான கேள்விதான்.

இந்தப் பஸ் போய் நிற்கிற தென்காசியில்தான் 1910-ல் ரகசியமாகக் கூடி, ரத்தத் திலகமிட்டுச் சத்தியம் செய்தார்கள். பாரத மாதா சங்கம். அதன் மூளை, சீர்காழிப் பக்கம் எருக்கூரில் பிறந்த நீலகண்டன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு வாஞ்சி தன்னையும் சுட்டுக்கொண்டார். வழக்கில் சிக்கியவர்கள் 14 பேர். முதல் எதிரி நீலகண்டன். ஏழு வருஷம் தண்டனை. அப்போது வயது 22.

நடுவில் சிறையிலிருந்து தப்பித்துப் பிடிபட்டார். விடுதலையாகிச் சென்னை வந்தபோது சாப்பாட்டுக்கு வழியில்லை. பசி என்று அவர் வந்து நிற்க, கொதித்துப் போய்த்தான் ஜகத்தையே அழிக்கச் சொல்லி பாரதி பாடினார் என்று ஒரு கதை உண்டு. அந்த வரி எல்லா மேடையிலும் முழங்குகிறது. பசித்தவன் பெயர்தான் யாருக்கும் தெரியாது! 1922-ல் கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்காக மறுபடி கைது, 1930-ல்தான் வெளியே வந்தார். பிறகு காவி. நந்தி மலையில் ஓம்கார் சுவாமிகளாக வாழ்ந்து 1978-ல் மறைந்தார்.

இந்த மனிதருக்கு ஒரு புத்தகம் எழுதத் தோன்றியதே, அதற்காகவே ரா.அ. பத்மநாபனுக்கு ஒரு கும்பிடு போடலாம். 'விகடன்' காலத்துப் பத்திரிகைக்காரர். 2014-ல் 96 வயதில் காலமானார். 1957-ல் வந்த 'சித்திர பாரதி'யால்தான் அவரைப் பலருக்கும் தெரியும். போட்டோ, கடிதம், கையெழுத்து, பாரதியைச் சுற்றி இருந்தவர்களின் முகங்கள் என்று தேடித் தேடிச் சேர்த்த புத்தகம். வ.வே.சு. ஐயரைப் பற்றியும் எழுதினார். அவருக்கு எப்போதும் கண் நடுவில் நிற்பவர் மேல் மட்டும் இல்லை. குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிறாரே, அவர் யார் என்று கேட்கிற சுபாவம்.

நம் ஊரில் வாழ்க்கை வரலாறு என்றால் பெரும்பாலும் பிறந்தநாள் மலர் ஜாதி. தொட்டிலிலேயே சிங்கம் கர்ஜித்திருக்கும். பத்மநாபன் அந்த வேலைக்கே போவதில்லை. என்ன தேதி, யார் பார்த்தது, கடிதாசி இருக்கிறதா? அதனால் நடை கொஞ்சம் வறண்டுதான் இருக்கும். சில இடங்களில் ஆபீஸ் ஃபைல் புரட்டுகிற உணர்வு வரும். பரவாயில்லை. வீரத்துக்கு வர்ணனை கூடக்கூட நம்பிக்கை குறையும் என்பது என் கட்சி.

எனக்கு இருக்கிற குறை வேறு. காகிதத்தை நம்புகிறவர், காகிதம் விட்டுப் போனவர்களிடம்தான் போய்ச் சேர முடியும். நீலகண்டன் பத்திரிகை நடத்தியவர், கோர்ட்டில் நின்றவர். ஐயர் எழுத்தாளர். இரண்டு பேரும் பாரதி வீட்டு வாசலுக்கு வந்து போனவர்கள். அந்த வாசலைத் தாண்டி பத்மநாபன் அதிக தூரம் போகவில்லை.

அதே வழக்கில் ஒட்டப்பிடாரம் மாடசாமி என்று ஒருவர். மணியாச்சிக்கு வாஞ்சியோடு போனவர் என்று சொல்வார்கள். போலீஸ் சல்லடை போட்டுத் தேடியும் அகப்படவில்லை. கடைசிவரை அவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. சிறைக் குறிப்பு இல்லை, காவி இல்லை, நந்தி மலை இல்லை. அவரைப் பற்றி எழுத பத்மநாபனின் பொறுமை வேண்டும்; கூடவே ஊர் ஊராகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கிழவிகளிடம் கதை கேட்கிற இன்னொரு ஆசாமியும் வேண்டும். அப்படி ஒருவர் கிளம்பினால் சேத்தூர் பஸ்ஸில் டிக்கெட் செலவு என்னுடையது.