கால் டாலர் பின்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' (1974) படித்திருக்கிறீர்களா? தத்துவப் பக்கங்களைத் தாண்டினாலும் ஓர் இடத்தைத் தாண்டாதீர்கள். ரேடியோ அலற, மெக்கானிக்குகள் அவர் பைக்கைப் பிரித்து மேய்கிறார்கள். கோளாறோ, ஆயில் போகும் வழியில் உடைந்த 25 சென்ட் பின்!

இன்ஜின் வேலை முடிந்து வந்த என் கார் ஆயில் சொட்டியது. அடியில் சம்ப் பேக்கிங்கை இரண்டு தடவை மாற்றினார்கள். பில்லும் இரண்டு. மூன்றாவது ஆள் இன்ஜினைச் சுத்தமாகத் துடைத்து, ஓடவிட்டு, மேலிருந்து தேடினார். டேப்பட் கவர் பேக்கிங் சரியாக உட்காரவில்லை. கசிவது மேலே, சொட்டுவது கீழே.

அக்கறையின்மையைச் சாடுகிறார் பிர்சிக். சரிதான். ஆனால், அக்கறைக்குக் கூலி யார் தருவது? பி.காம். படித்தவன் கேட்கிறேன். துடைத்துத் தேடிய அந்த ஒரு மணி நேரத்துக்கு பில்லில் வரியே இல்லை சார்!