கதவு தட்டப்படும் கதைகள்: குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் படநூல்கள்

கிறிஸ்துமஸின் மூலக்கதை, தங்க இடம் கேட்டு வந்தவர்களின் கதை. பெத்லகேமில் சத்திரம் நிறைந்திருந்தது. பிறந்த குழந்தையை முன்னணையில் கிடத்தினார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? கடந்த முக்கால் நூற்றாண்டில் வந்த படநூல்களில் இதற்குப் பல விடைகள் கிடைக்கின்றன. அவற்றில் ஆழமானவை பரிசை ஒதுக்கிவைத்து, வருகிற விருந்தாளியை நடுவில் நிறுத்தியவை.

பரிசு மரபின் வேர் 1823இல் இருக்கிறது. அந்த டிசம்பரில் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரச் செய்தித்தாளில் ஒரு கவிதை பெயரில்லாமல் வெளிவந்தது. கிளெமென்ட் மூர் எழுதியதாகப் பரவலாகக் கருதப்படும் அந்தக் கவிதைதான், கலைமான் வண்டியில் வந்து புகைபோக்கி வழியே இறங்கும் புனித நிக்கலஸை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித், ஆர்தர் ராக்கம் எனத் தலைமுறைக்குத் தலைமுறை ஓவியர்கள் அதற்குப் படம் வரைந்தார்கள். 1957இல் டாக்டர் சூஸ் இந்த மரபையே சோதித்துப் பார்த்தார். அவருடைய கிரிஞ்ச் ஊர்ப் பரிசுகளையெல்லாம் திருடிப்போன மறுநாள் காலையிலும் மக்கள் கூடிப் பாடுகிறார்கள். பொருள் போனாலும் பண்டிகை போகாது என்பதைப் பிள்ளைகள் படத்திலேயே கண்டுகொள்கிறார்கள்.

பிறப்பின் கதையைத் தங்கள் மண்ணில் வைத்துப் பார்த்தவர்கள் வேறொரு வழியில் போனார்கள். மார்கரெட் வைஸ் பிரவுன் 1952இல் எழுதிய ‘தொழுவத்தில் கிறிஸ்துமஸ்’ நூலுக்கு பார்பரா கூனி அமெரிக்கக் கிராமத்துத் தொழுவத்தை வரைந்தார். ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் 1961இல் இதே கதையை ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்வதாக அமைத்தார். கேட்கும் பிள்ளை தனக்குத் தெரிந்த பண்ணையையும் பனியையும் மாடுகளையும் மனத்தில் காண்கிறது. ஹரால்ட் வீபெரி அதை அப்படியே வரைந்தார். மூன்று வயதுப் பிள்ளைக்கு யூதேயா வெகுதூரம். தொழுவத்தின் கதகதப்போ கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிடும்.

இடம் கேட்கும் காட்சியையே விழாவாக்கியது மெக்சிகோ. அங்கே ‘போசாதா’ நாட்களில், மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடி அலைந்ததை நினைத்து மக்கள் வாசலில் நின்று பாடி இடம் கேட்பார்கள். மேரி ஹால் எட்ஸ், அரோரா லபஸ்தீதா இருவரும் 1959இல் வெளியிட்ட ‘கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள்’ நூல், தன் முதல் போசாதாவுக்குக் காத்திருக்கும் செசி என்ற சிறுமியைப் பற்றியது. மறு ஆண்டு அதற்கு கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. அடுத்த பதக்கமும் இந்தப் பொருளுக்கே போனது. ரூத் ராபின்ஸ் எழுதி நிக்கலஸ் சிட்ஜகாவ் வரைந்த ‘பாபுஷ்காவும் மூன்று அரசர்களும்’ நூலில், குழந்தையைக் காண உடன்வரும்படி அரசர்கள் அழைக்கிறார்கள். வீட்டு வேலை முடியட்டும் என்று கிழவி தங்கிவிடுகிறாள். பிறகு வாழ்நாளெல்லாம் தேடுகிறாள். இத்தாலியின் பெஃபானா கதையும் இதற்கு உடன்பிறப்பு. டோமி டிபாவ்லா 1980இல் அதைப் படநூலாக்கினார். தவறவிட்ட விருந்தாளியை எண்ணி வருந்தும் அந்தத் துயரத்தைக் குழந்தை நூலில் துணிந்து வைத்தது பெரிய காரியம்.

வருபவரைப் பற்றியும் கவலைப்பட்டவர் ரேமண்ட் பிரிக்ஸ். 1973இல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் தாத்தா குளிரையும் புகைபோக்கிகளையும் திட்டிக்கொண்டே வேலை பார்க்கும் உழைப்பாளி. பிரிக்ஸின் தந்தை பால்காரர். விடியுமுன் எழும் மனிதரின் அலுப்பை மகன் அறிவார். சிறு கட்டங்களாக ஓடும் படங்கள் அந்த இரவின் வேலையை ஒவ்வொன்றாகக் காட்டுகின்றன.

படநூலுக்கே உரிய கருவி பக்கத்தைத் திருப்புவது. ரியேகோ நாககாவா எழுத, யுரிகோ யமாவாகி வரைந்த ஜப்பானிய நூலில், குரி, குரா என்ற இரு வயலெலிகள் பனியில் பதிந்த பெரிய காலடிகளைப் பின்தொடர்ந்து போய்த் தங்கள் வீட்டு வாசலையே அடைகின்றன. யார் வந்தது? ஒவ்வொரு பக்கமும் அந்தக் கேள்வியை வளர்க்கிறது. ஆலன், ஜேனட் ஆல்பர்க் தம்பதி 1991இல் தந்த தபால்காரர் நூலில் பக்கங்களே உறைகள். பிள்ளை தன் கையாலேயே கடிதத்தை உருவி எடுக்கலாம். ஸ்வென் நூர்ட்க்விஸ்ட் 1988இல் எழுதிய கதையில், கால் சுளுக்கிய பெட்சன் கிழவரும் பூனை ஃபிண்டுஸும் மரமும் பலகாரமும் இல்லாமல் தவிக்க, அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் மினுமினுப்பு அட்டையும் பாட்டுப் பொத்தானுமாகப் புதுநூல்கள் குவிகின்றன. நூல் வாங்கும் பெற்றோரும் நூலகரும் ஒன்றைக் கவனித்தால் போதும்: கதை முடியும்போது குழந்தையின் மனத்தில் நிற்பது கிடைத்த பொருளா, வந்த ஆளா? தமிழில் இவ்வகை நூல் செய்ய முனைவோருக்கு லிண்ட்கிரனின் துணிச்சல் நல்ல முன்மாதிரி. நம் மாட்டுத் தொழுவத்தை நம் ஓவியர்கள் வரையட்டும். பனியைக் கடன் வாங்க வேண்டியதில்லை.