கடைசி நாளிலும் வரும் ஆம்புலன்ஸ்

இருட்டான அறை. ஒரு டாக்டர் அசந்து தூங்குகிறார். கதவு திறக்கிறது, வராந்தா வெளிச்சம் உள்ளே விழுகிறது. நர்ஸ் லிடியா வந்து அவரை எழுப்புகிறார். 1994 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஈ.ஆர்.' தொடர் இப்படித்தான் தொடங்கியது. தூங்கிக்கொண்டிருந்தவர் டாக்டர் மார்க் கிரீன். 2009 ஏப்ரல் 2 அன்று, 331 எபிசோடுகளைக் கடந்து அதே தொடர் முடிந்த இரவிலும் முதல் காட்சி இதுதான். எழுப்ப வந்தவர் அதே லிடியா, அதே நடிகை எலன் கிராஃபோர்ட். படுத்திருந்தவர் மட்டும் வேறு; டாக்டர் ஆர்ச்சி மாரிஸ். இயக்குநரும் முதல் எபிசோடை எடுத்த ராட் ஹோல்கோம்பேதான்.

பதினைந்து ஆண்டுகள் உடன் வந்தவர்களுக்கு அந்த ஒரு நிமிடமே தொண்டையை அடைத்திருக்கும். நம் கண்முன் ஒருவர் செத்துப்போனார், அவர் படுத்த இடத்தில் இன்னொருவர் படுத்திருக்கிறார், எழுப்புகிற கை மாறவில்லை. மருத்துவமனைத் தொடர் ஒன்று விடைபெறுவதில் உள்ள சிக்கல் முழுவதும் அந்தக் காட்சியில் இருக்கிறது.

துப்பறியும் கதைக்கு ஒரு முடிவு உண்டு, குற்றவாளி அகப்படுகிறான். குடும்பக் கதையில் ஒரு கல்யாணத்தை வைத்துத் திரையில் 'சுபம்' என்று போட்டுவிடலாம். மருத்துவமனைக்கு அந்த வசதி கிடையாது. ஒருவர் பிழைத்து வீட்டுக்குப் போகும்போதே அடுத்தவர் ஸ்ட்ரெச்சரில் வந்துவிடுகிறார். கதையை எங்கே வெட்டினாலும் வாசலில் யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்கள். கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய தொடர்களை வரிசையாகப் பார்த்தால், முடிவு என்பதை ஒவ்வொன்றும் எப்படிப் புரிந்துகொண்டது என்பது தெரிகிறது.

இடத்தையே கலைத்துவிடும் வாய்ப்பு 'மாஷ்' தொடருக்கு இருந்தது. கொரியப் போர்முனையில் கூடாரம் போட்டு இயங்கும் ராணுவ அறுவைசிகிச்சை முகாமின் கதை அது. உண்மையான போர் நடந்தது மூன்று ஆண்டுகள். தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை. போர் முடிந்தால் முகாம் பிரியத்தான் வேண்டும் என்பதால் முடிவு கதைக்குள்ளேயே காத்திருந்தது. 1983 பிப்ரவரி 28 அன்று இரண்டரை மணி நேர இறுதி எபிசோடை அமெரிக்காவில் சுமார் 10.6 கோடிப் பேர் பார்த்தார்கள். கதாநாயகன் ஹாக்கையாக நடித்த ஆலன் ஆல்டாவே அதை இயக்கினார். படப்பிடிப்பு நடந்த மாலிபு மலைப்பகுதியில் 1982 அக்டோபரில் காட்டுத்தீ பரவி வெளிப்புற அரங்கின் பெரும்பகுதி எரிந்துபோனது. குழுவினர் அந்தத் தீயையும் கதைக்குள் எடுத்துக்கொண்டார்கள். திரையில் முகாமை நெருங்கும் நெருப்புக்குப் பின்னால் உண்மையான சாம்பல் இருக்கிறது.

அந்த எபிசோடின் பலம் கூட்டக் கண்ணீரில் இல்லை. ஒவ்வொருவருக்கும் விடை எப்படிக் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பப் பல வருடங்களாக எல்லாத் தந்திரங்களையும் செய்துபார்த்த கிளிங்கர், ஒரு கொரியப் பெண்ணை மணந்துகொண்டு அங்கேயே தங்கிவிடுகிறார். இசைதான் தன் ஒரே அடைக்கலம் என்றிருந்த வின்செஸ்டர், சரணடைந்த ஐந்து சீன வீரர்களுக்கு மொசார்ட்டின் இசையைக் கற்றுக்கொடுக்கிறார், அவர்கள் இறந்துபோகிறார்கள், அந்த இசையைக் கேட்கும் போதெல்லாம் இனி அவருக்குப் போர்தான் நினைவுக்கு வரும். விடைபெறும் சொல்லை வாயால் சொல்ல மறுத்த பி.ஜே., அதைக் கற்களால் தரையில் அடுக்கி வைத்துவிட்டுப் போகிறார். மேலெழும் ஹெலிகாப்டரிலிருந்து ஹாக்கை அதைப் பார்க்கிறார். நண்பனிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை உயரத்திலிருந்துதான் படிக்க முடிகிறது. இத்தனைக்கும் குழுவினர் கடைசியாகப் படம்பிடித்தது இந்த எபிசோடை அல்ல, இதற்கு முன்பு ஒளிபரப்பான எபிசோடை. திரையில் பிரிந்து முடித்த பிறகு, மறுபடி ஒன்றுகூடி வேலை செய்துதான் அவர்கள் உண்மையில் பிரிந்தார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து 'செயின்ட் எல்ஸ்வேர்' எதிர்த்திசையில் போனது. பாஸ்டனில் செயின்ட் எலிஜியஸ் என்ற ஏழ்மையான மருத்துவமனை; டென்சல் வாஷிங்டன் ஆறு சீசன்களும் அதில் டாக்டராக இருந்தார். 1988 மே 25 அன்று கடைசிக் காட்சியில் மருத்துவமனைமீது பனி பெய்கிறது. அடுத்த நொடி, ஒரு சாதாரண வீடு. டாக்டர் வெஸ்ட்பால் என்று நாம் அறிந்தவர் கட்டட வேலை முடிந்து வருகிறார். ஆட்டிசம் உள்ள அவருடைய மகன் டாமி, கண்ணாடிக் குமிழ் ஒன்றைக் குலுக்கிக்கொண்டிருக்கிறான். குமிழுக்குள் அந்த மருத்துவமனையின் சிறு பொம்மை. ஆறு வருடக் கதையும் அந்தச் சிறுவனின் மனத்தில் நடந்ததுதானோ என்ற கேள்வியோடு தொடர் முடிகிறது. தொலைக்காட்சி வரலாற்றில் இன்றும் சளைக்காமல் பேசப்படும் முடிவு இது. அதில் கனிவு உண்டு, துணிச்சலும் உண்டு. ஆனாலும் அந்த வார்டுகளில் இறந்தவர்களுக்காக உண்மையாகவே அழுத பார்வையாளரிடமிருந்து அந்தத் துக்கத்தைப் பிடுங்கிக்கொள்வதாகவே அது படுகிறது. மருத்துவமனைக் கதையைப் பார்ப்பவர் ஒரு உயிரை நம்பித்தான் பார்க்கிறார்; அது பொம்மை என்று பிறகு சொல்வது கடுமையானது.

ஒற்றை மனிதரைச் சுற்றியே கட்டப்பட்ட தொடர்களுக்கு வேலை கொஞ்சம் எளிது. 2012 மே மாதம் முடிந்த 'ஹவுஸ்' மருத்துவமனையை அங்கேயே விட்டுவிட்டு ஆளை மட்டும் வெளியே எடுத்தது. தான் இறந்துவிட்டதாக ஊரை நம்பவைக்கும் ஹவுஸ், புற்றுநோயால் சில மாதங்களே மிஞ்சியிருக்கும் நண்பர் வில்சனுடன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார். வாழ்நாள் முழுக்க நோயை மட்டுமே பார்த்தவர் கடைசியில் நோயாளியோடு போகிறார். 2009 மே 6 அன்று 'ஸ்க்ரப்ஸ்' செய்தது இன்னும் எளியது: ஜே.டி. கடைசியாக நடந்துபோகும் வராந்தாவின் இருபுறமும், அவர் சந்தித்த நோயாளிகளும் சகாக்களும் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு டாக்டரின் வருடங்களை எண்ண அதைவிட நல்ல வழி இருக்க முடியாது. அடுத்த சீசன் ஒன்று வேறு வடிவில் வந்து அந்த விடைபெறலைச் சற்றுக் கலங்கலாக்கிவிட்டது.

பிரிட்டனில் பி.பி.சி.யின் 'ஹோல்பி சிட்டி' 1999 ஜனவரியில் தொடங்கி 2022 மார்ச் 29 வரை, 1,100க்கும் மேற்பட்ட எபிசோடுகள் ஓடியது. நிறுத்தப்போகிறோம் என்று 2021இல் அறிவித்த பிறகு எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்த வழி, தொடரின் மையமாக இருந்த இதய அறுவை நிபுணர் ஜாக் நெய்லரை மூளைக் கட்டியால் இறக்கவைப்பது. யாரிடமும் ஒட்டாத, சுள்ளென்று பேசும் பெண் அவர். இறந்ததும் அவருடைய உறுப்புகள் மற்றவர்களுக்குப் போகின்றன. அறுவைசிகிச்சைக் கூடத்தில் இத்தனை வருடங்கள் நின்றவர், அதே கூடங்களில் இன்னொருவரின் உடலுக்குள் தொடர்கிறார். தேசிய சுகாதார சேவையை இருபத்து மூன்று ஆண்டுகள் திரையில் காட்டிய தொடருக்கு இது தகுதியான விடை. அதன் தாய்த்தொடரான 'கேஷுவால்டி' 1986 முதல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வரிசையில் 'ஈ.ஆர்.' தனியாக நிற்பதற்குக் காரணம், அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது. மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தபோது, பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கண்டதை வைத்து 1974இல் ஒரு திரைக்கதை எழுதினார். ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரம்; கதைக்கென்று ஒரு முடிச்சு இல்லை; டாக்டர்கள் மருத்துவ மொழியில் வேகமாகப் பேசுவார்கள், யாரும் நின்று விளக்க மாட்டார்கள். இருபது ஆண்டுகள் அதை யாரும் எடுக்கவில்லை. ஸ்பீல்பெர்க் அதைப் படமாக எடுக்க எண்ணி, பிறகு 'ஜுராசிக் பார்க்' பக்கம் திரும்பினார். 1994இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்தப் பழைய எழுத்து பெரிதாக மாறவில்லை. தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு நாளாகவே அது எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் பதினைந்து ஆண்டுகள் ஓட முடிந்தது.

இவ்வளவு நீண்ட தொடரில் விடைபெறல் கடைசி நாளில் மட்டும் நடப்பதில்லை. 1999இல் நடிகர் ஜார்ஜ் குளூனி தொடரைவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு ஜூலியானா மார்குலிஸ். 2002இல் மார்க் கிரீன் மூளைக் கட்டியால் இறந்தார். அவருடைய மரணத்தைத் தொடர் சொன்ன முறை இன்றும் பாடமாக வைக்கத் தக்கது. கிரீன் எழுதிய கடிதம் வருகிறது. டாக்டர் கார்ட்டர் அதைச் சகாக்கள் முன் வாசிக்கிறார். கீழே அவருடைய மனைவி சேர்த்த வரிகளில்தான் கிரீன் இறந்துவிட்ட செய்தி இருக்கிறது. அவர்கள் அறிந்த கணத்தில்தான் பார்வையாளர்களும் அறிந்தார்கள். அடுத்த வாரம், ஹவாய் தீவில் அவருடைய கடைசி நாட்கள். தூரத்து ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்த பிறகு, எப்படிப் போனார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளும் குடும்பங்களின் அனுபவம் அப்படியே அது.

கிளம்புவதற்கு முன் கிரீன், இனி இந்த இடத்தின் சுருதியை நிர்ணயிப்பது நீதான் என்ற பொருளில் கார்ட்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். 2005இல் கார்ட்டர் போகும்போது அதே சொல்லை மாரிஸிடம் விட்டுவிட்டுப் போனார். அப்போது மாரிஸ் பொறுப்பில்லாத, யாரும் மதிக்காத ஆள். நான்கு வருடம் கழித்து நர்ஸ் லிடியா எழுப்புவது அந்த மாரிஸைத்தான்.

2009 மார்ச்சில் குளூனியும் மார்குலிஸும் ஒரே ஒரு எபிசோடுக்குத் திரும்பி வந்தார்கள். சியாட்டில் நகரில் வேலை செய்யும் தம்பதியாக வரும் அவர்கள், இறந்த சிறுவன் ஒருவனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பாட்டியைச் சம்மதிக்க வைக்கிறார்கள். ஒரு சிறுநீரகம் சிகாகோவில் யாரோ ஒரு டாக்டருக்குப் போகிறது. அது தங்கள் பழைய கார்ட்டர் என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. வேறொரு தொடராக இருந்தால் தொலைபேசியில் ஒரு கண்ணீர்ப் பேச்சு வைத்திருப்பார்கள். தெரியாமலே விட்டது பெருந்தன்மை.

கடைசி எபிசோடில் 92 வயது எர்னஸ்ட் போர்க்னைன், சாகும் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவராக வருகிறார். இதன் கனம் புரிய ஒரு பழைய ஆய்வை நினைத்துக்கொள்ள வேண்டும். 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரை, 'ஈ.ஆர்.' உட்பட மூன்று தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இதயத்தை அழுத்தி உயிர்ப்பிக்கும் காட்சிகளை எண்ணிப் பார்த்தது. திரையில் 75 சதவீதம் பேர் உடனடியாகப் பிழைத்தார்கள். உண்மையான மருத்துவமனைகளில் அந்த அளவு எங்கேயும் இல்லை. தொலைக்காட்சி தவறான நம்பிக்கையை வளர்க்கிறது என்ற அந்த விமர்சனம் நியாயமானது. பதினைந்தாம் ஆண்டில் அதே தொடர், கடைசி இரவில், ஒரு முதியவர் தன் மனைவியைப் போகவிடக் கற்றுக்கொள்வதற்கு நேரம் ஒதுக்குகிறது. அந்த நடிப்புக்காக போர்க்னைன் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

இறுதிக் காட்சி. பெரிய விபத்து, ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பி, இடத்தைப் பார்க்க வந்திருக்கும் கிரீனின் மகள் ரேச்சலை, கார்ட்டர் "டாக்டர் கிரீன்" என்று கூப்பிடுகிறார். எல்லோரும் கைகளில் வேலையோடு நகர, காமெரா பின்வாங்கிப் பின்வாங்கி மருத்துவமனைக் கட்டடத்தை முதன்முறையாக முழுசாகக் காட்டுகிறது. பதினைந்து வருடங்கள் நாம் இருந்தது பெரும்பாலும் அதன் தரைத்தளத்தில்தான். அதற்கு மேலே எத்தனை ஜன்னல்கள்!

அந்தக் கட்டடம் கிராபிக்ஸ்தான். தொடரில் வரும் மருத்துவமனைக்கு முன்மாதிரியாக இருந்த குக் கவுண்டி மருத்துவமனை சிகாகோவின் ஹாரிசன் தெருவில் 1914இல் கட்டப்பட்டது. காசில்லாதவர்களை மறுக்காமல் சேர்த்துக்கொண்ட இடம். அமெரிக்காவின் முதல் ரத்த வங்கி 1937இல் அங்கேதான் தொடங்கியது. 1966இல் விபத்துக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவும் வந்தது. தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2002 டிசம்பரில், பக்கத்தில் புதிய மருத்துவமனை திறக்க, பழையது காலியானது. இடிக்கத்தான் போகிறார்கள் என்ற நிலையில் பிழைத்து, 2020இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. 'ஈ.ஆர்.' முதல் எபிசோடைப் படம்பிடித்த லாஸ் ஏஞ்சலஸின் லிண்டா விஸ்டா, ரயில்வே ஊழியர்களுக்காகத் தொடங்கி 1991இல் மூடிய மருத்துவமனை. இப்போது முதியோர் குடியிருப்பு. 'ஸ்க்ரப்ஸ்' எடுக்கப்பட்ட வடக்கு ஹாலிவுட் மருத்துவமனையும் கைவிடப்பட்ட கட்டடம்தான்; பிறகு இடிக்கப்பட்டது. திரையில் கதவடைக்காத மருத்துவமனைகள், நிஜத்தில் கதவடைத்த வார்டுகளுக்குள்தான் உயிரோடு இருந்தன. அங்கே சிகிச்சை பெற்றவர்களும் வேலை பார்த்தவர்களும் விடைபெற்றதை யாரும் படமெடுக்கவில்லை.

விடையே கொடுக்காத தொடரும் உண்டு. 2005இல் தொடங்கிய 'கிரேஸ் அனாட்டமி', 2019 பிப்ரவரி 28 அன்று தன் 332ஆவது எபிசோடில் 'ஈ.ஆர்.' எண்ணிக்கையைத் தாண்டி இன்னும் போகிறது.

2025 ஜனவரியில் 'தி பிட்' என்ற மருத்துவமனைத் தொடர் வந்தது. கார்ட்டராக நடித்த நோவா வைலி அதில் நரை தட்டிய தாடியோடு டாக்டர் ராபி. 'ஈ.ஆர்.' கடைசி எபிசோடை எழுதிய ஜான் வெல்ஸ் தயாரிப்பாளர்களில் ஒருவர். படப்பிடிப்பும் 'ஈ.ஆர்.' எடுக்கப்பட்ட அதே வார்னர் ஸ்டூடியோ வளாகத்தில். முதல் சீசனில் 15 எபிசோடுகள், ஒரு ஷிஃப்டின் 15 மணி நேரம். அந்த ஆண்டு செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மியும், வைலிக்கு நடிகருக்கான எம்மியும் கிடைத்தன. கிரைட்டனின் வாரிசுகள் இதை 'ஈ.ஆர்.' வழிவந்ததாகக் கருதி நீதிமன்றம் போயிருக்கிறார்கள். அந்தச் சீசன் ஆரவாரமில்லாமல் முடிகிறது. ஷிஃப்ட் முடிந்தவர்கள் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து ஆளுக்கொரு பீர் குடிக்கிறார்கள். உள்ளே இரவுப் பணிக்காரர்கள் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ராபி காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்.