பேராண்மையும் அச்சமும்
(‘விராகய’ திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு)

கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் நிற்கும் டோசன் கோபுரம், கொழும்பு - கண்டி வீதியை அமைத்த பொறியியலாளரின் நினைவாக 1832ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. தடையை வென்றவனுக்கே உலகம் தூண் நாட்டும். கைக்கெட்டியதை விட்டு விலகியவனுக்கு நாட்டுவதில்லை. அவன் துறவியா, கோழையா என்னும் ஐயம் தீராமையே அதற்குக் காரணம். இவ்வையத்தையே பொருளாகக் கொண்டது ‘விராகய’ என்னும் சிங்களத் திரைப்படம். மார்ட்டின் விக்கிரமசிங்க 1956இல் வெளியிட்ட நாவலைத் திஸ்ஸ அபேசேகர 1987இல் திரைக்குக் கொணர்ந்தார். பற்றின்மை என்பதே அப்பெயரின் பொருள்.

கதைத்தலைவன் அரவிந்தன் தென்னிலங்கைக் கிராமத்தவன். மகனை மருத்துவனாக்க விழைந்த தந்தையின் ஆசை அவனால் நிறைவேறவில்லை. காதலி சரோஜினி பெற்றோரை மீறி அவனுடன் வர முன்வந்தபோதும் அவன் துணியவில்லை. அவள் அவனுடைய நண்பனை மணக்கிறாள். தந்தைக்குப் பின், தமக்கை மேனகா விரும்பிய வீட்டையும் விட்டுக்கொடுக்கிறான். வளர்த்து ஆளாக்கிய பத்தீயின்மேல் தன் உள்ளம் படர்ந்த நிலையிலும், அவள் விரும்பியவனுக்கே அவளை மணம் செய்விக்கிறான்.

இச்செயல்கள் யாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. வீடு அவனுடைய உரிமை. அதனைக் கொடுத்தமை ஈகை. பத்தீயை அவள் விருப்பின்படி வாழவிட்டமை, தன் நெஞ்சத்தின் வேட்கையை அறிந்தே அடக்கிய செயல். பிறன்மனை நாடாத அடக்கத்தையே வள்ளுவர் பேராண்மை என்றார். அவ்வடக்கத்தின் சாயல் இங்கே உண்டு. ஆனால் சரோஜினியின் செய்தி வேறு. ஆங்கு அவன் இழந்தது தன் இன்பத்தை மட்டுமன்று. அவளுடைய வாழ்வையும் சேர்த்தே இழப்பித்தான். அவளிடம் கேளாது, அவள் சார்பிலும் தானே துறந்தான். குடிப்பெருமை, ஊர்ப்பழி என்பன அவன் அச்சத்துக்குப் போர்வையாயின. பிறருக்குரியதைத் துறக்க எவருக்கும் உரிமையில்லை.

நாவலில் அரவிந்தன் தன் கதையைத் தானே எழுதுகிறான்; ஆதலின் தன் பக்க நியாயத்தை எடுத்துரைக்க அவனுக்கு இடமுண்டு. திரையிலோ, சனத் குணதிலகவின் முகத்தைக் கொண்டே அவனை அறிதல் வேண்டும். இம்மாற்றத்தால் கதைக்கு நட்டம் நேர்ந்தது என்பாரும் உளர். உண்மையில் அது ஒரு பேறு. சொல்லின் துணை குறையுங்கால், அவனது மௌனம் பிறர்மீது விழும் சுமையாகப் புலப்படுகிறது. மேனகாவின் ஆசையைப் பழிக்கும் நாம், அவளோடு ஒரு சொல்லேனும் வாதிடாத தம்பியையும் நோக்க வேண்டியவராகிறோம்.

மறுக்கத் துணியாதவன் கொடுத்தான் என்பதும், ஏற்கத் துணியாதவன் துறந்தான் என்பதும் மெய்ந்நிலை ஆகா. அரவிந்தனிடம் துறவும் அச்சமும் ஒருங்கே உறைகின்றன. அவற்றைப் பிரித்துணரும் பொறுப்பைக் காண்போரிடமே விட்டமை இப்படத்தின் சிறப்பாகும்.