முழந்தாளிட்ட மகன்

சோவியத் இயக்குநர் தர்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972) என்னும் அறிவியல் புனைவுத் திரைப்படத்தின் இறுதிக் காட்சி நம் சிந்தனைக்குரியது. விண்வெளி சென்ற உளவியலறிஞன் கெல்வின் தந்தையின் இல்லத்தை அடைகிறான்; வாசற்படியில் முழந்தாளிடுகிறான். தந்தையின் கரங்கள் அவன் தோள்மீது அமைகின்றன. சொல் ஏதுமில்லை. ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் உள்ள ரெம்பிராண்டின் ஊதாரி மைந்தன் ஓவியமே உயிர்பெற்றது போன்ற காட்சி.

ஆயினும் ஒரு நெருடல். சற்று முன்பு மழை வீட்டிற்குள்ளே பொழிந்தது. தோளில் விழுந்த நீரைத் தந்தை பொருட்படுத்தவில்லை. இப்போது காமிரா மேலெழ, வீடும் தோட்டமும் சோலாரிஸ் கோளின் கடல் நடுவே சிறு தீவெனச் சுருங்குகின்றன. அக்கடலோ மனிதரின் நினைவுகளுக்கு உருக்கொடுக்க வல்லது. அப்படியாயின், இத்தந்தை மகனின் நினைவு ஈன்ற உருவம்தானா?

இவ்வினாவை வசனத்தால் அன்றி, மழையாலும் காமிராவின் உயரத்தாலும் எழுப்புவதே படத்தின் சிறப்பு. அது நம்மையும் தொடுகிறது. நம் ஏக்கம் வரைந்துகொண்ட இறைவனிடமா நாம் மன்னிப்பு வேண்டுகிறோம்? நினைவு படைத்த தந்தை மகன் எதிர்பார்த்ததையே செய்வார். லூக்கா நற்செய்தியின் தந்தையோ தொலைவிலேயே கண்டு ஓடிவந்து தழுவுகிறார். கூலியாளாகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்க வந்தவனை, அதைச் சொல்லி முடிக்கவும் விடுவதில்லை. அவர்முன் முழந்தாளிடுவோம்.