ஆங்கிலம் கலப்பு மொழியா?

ஒரு மொழியின் இனத்தை அதன் சொற்றொகையால் துணிவதா, இலக்கண அமைப்பால் துணிவதா என்னும் வினா ஒப்பியல் மொழிநூலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. இதனை ஆராய்தற்கு ஆங்கிலத்தின் வரலாறு தக்கதொரு களமாகும்.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலர், சாக்சானியர், சூட்டர் முதலியோர் வடகடல் கடந்து பிரித்தானியத்தில் குடியேறினர். அவர்தம் பேச்சே பழைய ஆங்கிலம்; அது மேலைச் செருமானிய இனத்தது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வைக்கிங்குகள் வந்தனர். 1066இல் நார்மானியர் நாட்டை வென்றனர். இவ்விரு வருகைகளும் ஆங்கிலத்தின் இனத்தையே மாற்றிவிட்டன என்பார் உளர்.

பெய்லியும் மாரோல்டும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில், நடுக்கால ஆங்கிலம் பிரெஞ்சுக் கலப்பால் உருவான கிரியோல் மொழி என்றனர். பிரெஞ்சுச் சொற்களின் பெருக்கமும் வேற்றுமை உருபுகளின் தேய்வுமே இக்கொள்கைக்குத் துணையாவன. ஆயின், காலமுறை இதற்கு இடந்தரவில்லை. பத்தாம் நூற்றாண்டில் லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏட்டின் இலத்தீன் வரிகளுக்கிடையே எழுதப்பெற்ற வடபுல ஆங்கில உரையிலேயே உருபுகள் தம்முள் மயங்கிக் குலையக் காண்கிறோம். அப்பொழுது நார்மானியர் வந்திலர். 1154ஆம் ஆண்டுச் செய்தியோடு முடியும் பீட்டர்பரோ ஆண்டேட்டின் இறுதிப் பகுதியில் உருபுகள் பெரிதும் அருகிவிட்டன. பிரெஞ்சுச் சொற்களோ மிகச் சிலவே. காரியத்திற்குப் பிற்பட்டது அதற்குக் காரணமாதல் யாங்ஙனம்?

ஒலியியலும் இதனையே வலியுறுத்தும். இலத்தீனில் 'பாத்தெர்' எனப் பகரத்தால் தொடங்கும் சொல், கிரிம் 1822இல் விளக்கிய ஒலித்திரிபு விதிப்படி ஆங்கிலத்தில் 'ஃபாதர்' என நிற்கிறது. அதே அடியினின்று பிறந்த 'பேட்டர்னல்' என்னும் சொல்லில் பகரம் திரியவில்லை. முன்னது வழிவழி வந்தது. பின்னது கடனாகப் பெற்றது. வந்த வழியை ஒவ்வொரு சொல்லும் தன் ஒலியிலேயே காட்டி நிற்பதால், மிகுந்த கடனும் மரபை மறைக்கவில்லை.

எமண்ட்சும் ஃபோர்லுண்டும் 2014இல் வெளியிட்ட நூலின் கொள்கை இதனினும் வலியது. அவர்கள் சொற்றொகையை விடுத்துத் தொடரமைப்பையே சான்றாகக் கொண்டு, ஆங்கிலம் வைக்கிங்குகளின் வடசெருமானிய மொழியின் வழிவந்தது என்றனர். 'தே', 'தெம்' என்னும் படர்க்கைப் பன்மைப் பெயர்களும் அம்மொழியினின்று வந்தனவே. அயல்மொழியினின்று இடப்பெயர் பெறுதல் அரிதாதலின், இரு மக்களிடை நிலவிய நெருக்கம் பெரிது என்பதை ஒப்புதல் வேண்டும். ஆயினும் நெருக்கம் வேறு, பிறப்பு வேறு. வடமொழிக்குழுவிற்குரிய சிறப்பியல்பு, சுட்டுச்சொல் பெயரின் இறுதியில் ஒட்டி நிற்றல். ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னரே தனித்து நிற்கிறது. ஐந்து என்னும் எண்ணுப்பெயர் பழைய நார்சில் 'ஃபிம்' என மெல்லொலியோடு வழங்க, பழைய ஆங்கிலம் அதனை இழந்து 'ஃபீஃப்' என்றது. இன்றைய 'ஃபைவ்' அதன் வழியதே. தொடரமைப்பு, நெருங்கி வாழ்வோரிடையே பரவும் இயல்பினது. ஆதலின் அது மட்டும் இனத்தைக் காட்டாது.

இவ்வாராய்ச்சியால் தமிழாய்வாளர் பெறும் பயனும் உண்டு. எல்லிசு 1816இலும் கால்டுவெல் 1856இலும் தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தனவல்ல என நிறுவினர். வடசொற்கள் மிக்கிருப்பினும் மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், பெயர் வினைகளின் உருபுகள் ஆகியன வேறுபட்டமையைக் கால்டுவெல் சான்றாகக் காட்டினார். அவற்றுள் இடப்பெயர் ஒன்றனையே கொண்டு முடிவு செய்தல் சாலாது என்பதை ஆங்கிலத்தின் 'தே' உணர்த்துகிறது. அவர் முடிவு நிலைபெற்றது, சான்றுகள் பலவும் ஒருங்கியைந்து ஒரே திசை காட்டியமையாலேயாம். ஆங்கிலத்திலும் அவ்வாறே எண்ணுப்பெயரும் ஒலித்திரிபும் உருபும் ஒருங்கே மேலைச் செருமானிய மரபைச் சுட்டுகின்றன. ஆதலின் ஆங்கிலம் கடன் மிக்க மொழியேயன்றிக் கலந்து பிறந்த மொழி அன்று எனத் துணியலாம்.